ஒரு சாண் ஆழம்

1

இந்த வாரம் எங்கள் பக்கம் நிலம் இறுகிவிட்டது. ஜேர்மன் நகரமான ஹனோவருக்கு வெளியே, வயல்களைப் பிரித்து வீடு கட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு மண்ணை ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால்தான் நொந்தது. என் தொழிலுக்கு இத்துடன் வருஷம் முடிந்தது. நான் முற்றத்துக்கும் நடைபாதைக்கும் கல் பதிக்கிறவன். இனி மாசி முடியும் வரைக்கும் வீட்டில் இருந்து மனைவியிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது ஒரு பிழையென்றே உங்களுக்குப் படாது. எங்கள் ஊரில் முற்றத்துக்குக் கல் போடுவதென்றால் மண்ணைச் செதுக்கி, தண்ணீர் ஊற்றி இடித்து, மணல் பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டுப் போகலாம். அது பேரப்பிள்ளை காலம் வரை கிடக்கும். இங்கே மண்ணுக்குள் இருக்கும் ஈரம் குளிர்காலத்தில் உறையும். உறைந்தால் வீங்கும். வீங்கினால் மேலே என்ன கிடந்தாலும் தூக்கும். அதனால் வெறும் நடைபாதை என்றாலும் முழங்கால் ஆழம் கிண்டி, ஈரம் பிடித்து வைக்கும் களிமண்ணை அள்ளி எறிந்துவிட்டு, சல்லிக்கல்லைக் கொட்டி இயந்திரத்தால் இடித்து, அதற்கு மேல்தான் மணலும் கல்லும். தண்ணீர் சல்லிக்குள்ளால் இறங்கிப் போய்விடும். தங்கினால்தானே உறைவதற்கு. என் தொழிலில் தெரிய வேண்டியது இவ்வளவுதான், மற்றதெல்லாம் முழங்கால் வலி.

இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பத்மா அக்கா வீட்டு வாசலில் ஒரு சாண் கிண்டிக் கல்லைப் போட்டேன். ஆறு வருஷமாகிவிட்டது.

2

பத்மா அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. நான் அகதியாக வந்து விழுந்த முகாமில் பக்கத்து அறை. நான் தனி ஆள். அவரும் அவருடைய கணவர் சிவம் அண்ணையும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். முகாமில் எல்லோருக்கும் பெட்டியில் அடைத்த ஒரே சாப்பாடுதான். அக்கா யாரையோ பிடித்து ஊரிலிருந்து ஒரு இடியப்ப உரலை எடுப்பித்து, பன்னிரண்டு பேருக்குப் பொதுவான குசினியில் தன் முறை வரும்வரை காத்திருந்து பிழிவார். "தம்பி, கோப்பையைக் கொண்டு வாரும்" என்று சுவரில் தட்டுவார். இரண்டு வருஷம் தட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அறை வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். தரையில் மஞ்சள் கறை பிடிக்கிறதென்று முகாம் பொறுப்பாளர் கதவில் கடிதம் ஒட்டினார். அக்கா கடிதத்தை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுத்த வெள்ளியும் தெளித்தார்.

மார்க் போய் யூரோ வர ஒரு மாதம் இருக்கும்போது அவர்கள் வீடு வாங்கினார்கள். பழைய செங்கல் வீடு. தெருவோரப் படலையிலிருந்து வாசல் வரை பன்னிரண்டு மீற்றர், பழைய பாதை உடைந்து சேறாகக் கிடந்தது. அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ஐயர் நாள் பாத்துத் தந்திட்டார். கார்த்திகை கடைசித் திங்கள். அதை விட்டா மார்கழி. மார்கழியிலை குடிபூர ஏலாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"தையிலை வைப்பமே அக்கா?"

"இருக்கிற வீட்டை விடுறமெண்டு எழுதிக் குடுத்தாச்சு. தை மட்டும் றோட்டிலையோ இருக்கிறது?"

"அப்ப பாதையைப் பிறகு போடுவம். இப்போதைக்குப் பலகை போட்டு விடுறன்."

சிவம் அண்ணை தொலைபேசியை வாங்கினார். "என்ன ஐசே, சனம் முழுக்க வரப்போகுது. பலகையிலையோ நடந்து வாறது? நீர் உதிலை தொழிற்காரன். இரண்டு நாள் காணாதோ?"

அந்தத் தொழிற்காரன் என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். ஒன்பது வருஷம் உணவகங்களில் கோப்பை கழுவினவன் நான். கல் பதிக்கும் வேலைக்கு வந்து நாலு வருஷம்தான். எங்கள் சனத்துக்குள் என்னை அப்படி அழைத்த முதல் ஆள் அவர். "காணும் அண்ணை" என்றேன். நாக்கு முந்திவிட்டது.

சனிக்கிழமை விடியத் தொடங்கினோம். மேல்மண் நாலு விரல் கனத்துக்கு உறைந்திருந்தது. பிக்காசு தெறித்துத் தெறித்துக் கை விறைத்தது. மத்தியானத்துக்குள் சிவம் அண்ணைக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லை. பிறகு நான் தனி. இருட்டும் நேரம் நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு மீற்றரும் கிண்டியிருந்தேன், ஆனால் ஒரு சாண் ஆழம்தான். சல்லி விற்கிற இடமும் சனி மதியத்தோடு பூட்டு. முற்றத்தில் கிடந்தது கல்லும் மணலும் மட்டும்.

பக்கத்து வீட்டு ஓய்வூதியக்காரர் ஹெர் பிரான்ட், வேலிச் செடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஆழம் காணாது என்றார். நடக்கத்தானே, கார் ஓட்டவில்லையே என்றேன். "நிலம் உறையும்போது மேலே போவது யாரென்று பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உவன் என்னவாம்?" என்று சிவம் அண்ணை கேட்டார்.

"சும்மா கதை அண்ணை. ஊரிலை நாங்கள் எவ்வளவு கிண்டினனாங்கள்? எல்லாம் கிடக்குதுதானே."

ஊர் மண்ணைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மணலைப் பரப்பினேன். நிறுவனத்திலிருந்து நிலம் இடிக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி வைத்திருந்தேன், ஆனால் இங்கே ஞாயிறு சத்தம் போடக்கூடாது, பொலிஸ் வரும். மரக்கட்டையால் கையால் இடித்தேன். அதன் மேல் கல்லை அடுக்கி முடிக்க நன்றாக இருட்டிவிட்டது.

3

திங்கள் விடிய ஆறு மணிக்குக் குடிபூரல். பாதை வாசல் விளக்கில் நேராக, ஒரு மட்டமாகக் கிடந்தது. நூல் பிடித்ததிலும் மட்டம் பார்த்ததிலும் நான் குறை வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலையெல்லாம் திறம். ஆனால் எங்கள் சப்பாத்துச் சேறு கல் முழுக்க அப்பிக் கிடந்தது. சனம் வரமுன் அக்கா இரண்டு வாளி சுடுதண்ணீரில் மஞ்சள் கரைத்து, வாசலிலிருந்து படலை வரை ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினார். ஆவி எழும்பியது. தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைகுடம் வைக்கிற வாசலைக் கழுவ வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அவர் கழுவியது என் சேற்றை. யாரும் வழுக்கி விழாமல் உப்பைத் தூவிவிட்டு நின்றேன்.

வந்தவர்கள் பாதையைப் புகழ்ந்தார்கள். "ஆற்றை வேலை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா "எங்கடை ரவியின்ரை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தேன்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். குளிர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் வேலை. பிள்ளைகள் வரமுன் முடிக்க வேண்டுமென்பதால் இருட்டோடு போவார். படலைக்குக் கிட்ட கால் தடுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அடுத்த நாள் போனேன். வீட்டுக்குள் போகமுன்னமே கண்டுவிட்டேன். மூன்று கல் சேர்ந்து மேலே எழும்பி, ஓரம் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. உள்ளே அக்கா கையில் மாவுக்கட்டுப் போட்டபடி சோபாவில் இருந்தார். என் மனைவி வசந்தி சூப் கொண்டு முன்னமே வந்திருந்தாள். சிவம் அண்ணை நேராகக் கேட்டார்.

"என்ன ரவி, புதுக்கல்லு ஏன் எழும்பினது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவே நேரம் இருக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"தண்ணி அண்ணை. அண்டைக்கு அக்கா வாளி வாளியா ஊத்தினவ. அது இடுக்குக்குள்ளாலை இறங்கி உறைஞ்சு கல்லைத் தூக்கிப்போட்டுது."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் இதில் உள்ள கேடு. தண்ணீர் இறங்கும், உறையும், தூக்கும். அது ஏன் கல்லுக்கடியில் தங்கியது என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். வானத்திலிருந்து எத்தனை ஆயிரம் வாளி அந்தப் பாதையில் கொட்டியிருக்கும். இரண்டு வாளி மஞ்சள் தண்ணீரா கல்லைக் கிளப்பியது?

சிவம் அண்ணை மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னனான், உந்த ஊர்ப் பழக்கங்களை இஞ்சை கொண்டு வராதையும் எண்டு." அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அக்கா கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் தம்பி, கல்லு எழும்புமெண்டு. நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஊத்தியிருக்க மாட்டன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வதை அன்றைக்கு நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தேன்.

4

இப்போது எழுதப்போவது வசந்தியைத் தவிர யாருக்கும் தெரியாது.

வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் இந்த நாட்டில் அது வேலை விபத்து. உங்கள் வாசற்படி தாண்டினாலே வழி தொடங்கிவிட்டது. ஆகவே காப்புறுதிக் கந்தோரிலிருந்து அக்காவுக்கு நாலு பக்கப் படிவம், நாங்கள் போம் என்பது, ஒன்று வந்தது. அக்காவின் டொச், அதாவது ஜேர்மன் மொழி, பள்ளிக்கூட ஆசிரியைகளோடு கதைக்கக் காணும், போம் நிரப்பக் காணாது. எங்கள் சனத்தின் போம் முழுக்க அந்த நாளில் என் மேசைக்குத்தான் வரும். விசா நீட்டிப்பு, பிள்ளைப் பணம், வீட்டு வாடகை உதவி, எல்லாவற்றுக்கும் நான்தான் எழுத்தர். இதையும் என்னிடமே கொண்டுவந்தார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பெட்டி. விபத்து எப்படி நடந்தது என்று உங்கள் சொந்தச் சொற்களில் விபரிக்கவும்.

கல் எழும்பியிருந்தது என்று எழுதினால், கல்லை யார் பதித்தது என்று அடுத்த கடிதம் வரும் என்று பயந்தேன். லீவு நாளில், நிறுவனத்து இயந்திரத்தை இரவல் கொண்டு போய், ஒரு கடதாசியும் இல்லாமல் செய்த வேலை. என் வேலை போய்விடும், திரும்பக் கோப்பை கழுவப் போக வேண்டும் என்று என் மூளை மளமளவென்று ஓடியது. பேனையைப் பிடித்து, அக்கா சொல்வதுபோல அழகான டொச்சில் எழுதினேன். நான் நடக்கும்போது கவனிக்கவில்லை, அதனால் விழுந்தேன்.

"என்ன எழுதினீர் தம்பி?"

"விழுந்ததை எழுதினனான் அக்கா."

அவர் இடக்கையால் கையெழுத்து வைத்தார். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்தன. "வடிவில்லாமல் வருது, ஏற்பாங்களோ?" என்று கேட்டார். ஏற்பார்கள் என்றேன்.

யார் பிழை என்பது அந்தக் கந்தோருக்கு ஒரு பொருட்டே இல்லை, எப்படி எழுதினாலும் வைத்தியம் நடந்திருக்கும் என்று பிறகு ஒருநாள் அறிந்தேன். ஆக, அந்த வசனத்துக்குத் தேவையே இருக்கவில்லை.

5

வசந்தகாலம் வந்ததும் போய் மூன்று கல்லையும் கழற்றி, மணலைச் சீவி, மட்டமாக வைத்தேன். அடுத்த குளிருக்கு வேறு இரண்டு எழும்பின. அதையும் வைத்தேன். வருஷா வருஷம் பங்குனியில் நான் கருவிப் பெட்டியோடு போவது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. "ரவியைப் போலை ஒரு பிள்ளை கிடைக்காது" என்று சிவம் அண்ணை கோயிலில் நாலு பேருக்கு முன்னால் சொன்னார். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

அக்காவின் கை சரியாகப் பொருந்தவில்லை. கொஞ்சம் வளைந்து நிற்கும், முறுக்க முடியாது. இடியப்பம் பிழிய ஏலாது. எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு தரம் வரும் இடியப்பப் பெட்டி நின்றுபோயிற்று. தமிழ்க் கடையில் காய்ந்த இடியப்பம் பைக்கற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, சிவம் அண்ணை ஒவ்வொரு தரமும் ஒரு குறை சொல்வார்.

இதைவிட மோசம் சிவம் அண்ணையின் பகிடி. பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே சனம் கூடினாலும் தொடங்கிவிடுவார். "எங்கடை மனுசி சாதாரண ஆளில்லை. ஜேர்மன்காரன்ரை கல்லையே மஞ்சள் தண்ணி ஊத்திக் கிளப்பினவ." சனம் சிரிக்கும். முதல் இரண்டு வருஷம் அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்தக் கதை தொடங்கும்போதே கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகப் பழகிவிட்டார். நானும் அந்தச் சபையில் இருப்பேன். சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

வெள்ளிக்கிழமை வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது அடியோடு நின்றது. முகாம் பொறுப்பாளரின் கடிதத்துக்கு அசையாத மனுஷி, என் ஒரு வசனத்துக்கு விட்டுவிட்டார். இன்னொன்றும் கவனித்தேன். அவர் அந்தப் பாதையில் நடப்பதில்லை. ஓரத்துப் புல்லில்தான் நடப்பார். போகப் போகப் புல் தேய்ந்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப்பாதை விழுந்துவிட்டது.

6

இந்த ஐப்பசியில் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றத் தொடங்கினார்கள். ஒருநாள் பின்னேரம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, எங்கடை பாதையைக் கிண்டுறாங்கள். உம்மடை வேலையை உடைச்சுப்போடுவாங்கள், ஒருக்கா வந்து நில்லும்." என் வேலையில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

மகள் மதுவை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு நேராகப் போனேன். அவளுக்குப் பதின்மூன்று. எங்களோடு டொச்சில்தான் கதைப்பாள். தமிழில் கேட்டாலும் பதில் டொச்சில் வரும். சண்டை பிடித்துப் பார்த்துக் களைத்து விட்டுவிட்டோம்.

படலைக்குக் கிட்டக் குறுக்காக வெட்டியிருந்தார்கள். வெட்டின பக்கத்தில் எல்லாம் தெரிந்தது. மேலே கல், கீழே மணல், அதற்குக் கீழே கறுத்த களிமண். வேலையாள் ஒருவன் குழிக்குள் நின்றபடி தலையை ஆட்டினான். "இதை யார் போட்டது? இருபது சென்ரிமீற்றர்கூட இல்லை. அடியில் சல்லி என்று ஒரு கல் இல்லை. இந்தத் தொழிலைப் படித்தவன் இப்படிச் செய்யமாட்டான்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி சொல்லுறான்? கெதியாக் கதைக்கிறான், விளங்கேல்லை."

ஆறு வருஷத்துக்குப் பிறகு போமில் இருந்த அதே பெட்டி என் முன்னால் வந்து நின்றது. நான் திரும்பவும் அதையே செய்தேன்.

"இந்தப் பக்கத்து மண் களிமண்ணாம் அக்கா. அதுதானாம் பிரச்சினை."

"அப்பா, அவர் அப்பிடிச் சொல்லேல்லை."

மது. அதைத் தமிழில் சொன்னாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் முழுசாக வந்த ஒரு தமிழ் வசனம் அது. அக்காவுக்கு விளங்க வேண்டும் என்றுதான் தமிழில் சொன்னாள் என்பது எனக்கு விளங்கியது.

"வேறை என்ன பிள்ளை சொன்னவர்?" என்று அக்கா அவளிடம் கேட்டார்.

பிள்ளையைக் கொண்டு சொல்விக்க என்னால் முடியவில்லை. "நான் சொல்லுறன் அக்கா" என்றேன். வேலையாள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். படித்தவன் செய்யமாட்டான் என்றதையும் சேர்த்து.

அக்கா குழி ஓரத்தில் குந்தினார். இடக்கையை விரித்து, கல்லின் மேலிருந்து களிமண் வரை அளந்தார். சரியாக ஒரு சாண்.

"உங்கடை கொம்பனியிலை எவ்வளவு கிண்டுறனீங்கள்?"

"முழங்கால் மட்டும்."

"அண்டைக்கே உமக்கு இது தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"நான் தண்ணி ஊத்தாட்டிலும் எழும்பியிருக்குமோ?"

"ஓம். எழும்பியிருக்கும்."

அவர் எழும்ப வலக்கையை ஊன்றப் பார்த்து, ஏலாமல், இடக்கையை மாற்றி ஊன்றி எழும்பினார். மது போய்ப் பிடித்தாள். வேலையாள் தொடரலாமா என்று கேட்டான். அக்கா அவனுக்குத் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்லி என்ன தம்பி? அண்டைக்கு அவருக்கு முன்னாலைதானே சொன்னனீர். இதையும் அவருக்கு முன்னாலை சொல்லும்."

மதுவோடு காருக்குள் போய் இருந்தேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மது டொச்சில் கேட்டாள். பயம் என்றேன். யாருக்கு என்றாள். இப்போது யோசித்தால் வேலை போகும் என்ற பயம்கூடப் பிறகு வந்ததுதான். முதல் பயம், சுவரில் தட்டிக் கோப்பை கேட்ட மனுஷி என்னைப் பற்றிக் குறைவாக நினைப்பாரே என்பது. என் பெயரைக் காப்பாற்றத்தான் அவரைக் குறைத்துவிட்டேன்.

7

சிவம் அண்ணை வேலையால் வரும்வரை இருந்து சொன்னேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடி கேட்டார்.

"உதை இப்ப ஏன் ஐசே கிண்டுறீர்? முறிஞ்ச கை முறிஞ்சதுதானே."

பிறகு அவரே, "முதலே சொல்லியிருந்தா நான் உவவை இவ்வளவு பேசியிருக்க மாட்டனே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அக்கா குசினியிலிருந்து வரவில்லை, அங்கிருந்தே சொன்னார். "தம்பி சொன்னதாலை மட்டும் நீங்கள் பேசேல்லை."

நான் மதுவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஒரு கிழமை லீவு எடுத்துப் பாதையை முழுசாகக் கிளப்பினேன். சிவம் அண்ணை உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றேன். இந்த முறை முழங்கால் ஆழம், நாலு நாள் கிண்டினேன். சல்லி கொண்டுவந்து கொட்டி, இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, வேலை நாளில், சத்தம் போடலாம் என்ற நேரத்தில் இடித்தேன். ஹெர் பிரான்ட் இப்போது பொல்லு ஊன்றி நடக்கிறார். வேலியால் பொல்லை நீட்டிக் குழிக்குள் விட்டு, எது வரை போகிறதென்று பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது போல.

முடித்த அன்றைக்குக் குளிர் தொடங்கியிருந்தது. வாளியையும் தும்புத்தடியையும் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இனி எத்தனை வாளியெண்டாலும் ஊத்தலாம். ஒண்டும் செய்யாது."

அவர் பாதையை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை பார்த்தார். "வடிவாப் போட்டிருக்கிறீர் தம்பி" என்றார். "ஆனா வேண்டாம். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. தேத்தண்ணி போட்டிருக்கிறன், வந்து குடியும்."

அவர் உள்ளே போனபிறகு நானே ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். கல் இடுக்கால் இறங்கி ஒரு சொட்டும் மேலே நிற்காமல் போயிற்று. வேலை சரி. நான்தான் அந்த வாளியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

போமில் எழுதியதை இன்னும் சொல்லவில்லை. வசந்தி தினமும் கேட்கிறாள், "அதையும் சொன்னனீங்களோ?" என்று. சொல்லப் போனால் தேத்தண்ணீர் வருகிறது, குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். ஊரில், மானிப்பாயில் இருக்கும் அக்காவின் தங்கை இந்தச் சஞ்சிகையை விடாமல் வாங்குகிறவர். என் குறிப்புகள் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவாராம். "உம்மடை எழுத்தைக் கேட்டனான்" என்று அக்காவே எனக்குச் சொல்வதுண்டு. நேரே சொல்லத் துணிவில்லாதவன் ஐயாயிரம் மைல் சுற்றி அனுப்புகிறேன்.

இன்றைக்குக் காலை வேலை இல்லாததால் அவர்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். வெளியில் பனி ஒரு விரல் கனத்துக்கு விழுந்திருந்தது. கல் ஒரு இம்மியும் எழும்பவில்லை. பாதை முழுக்கப் பனி அப்படியே கிடந்தது, ஒரு காலடியும் இல்லை. அக்கா வேலைக்குப் போன அடையாளம் ஓரத்துப் புல்லில் இருந்தது.

தங்கச்சி, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஆறுதலாக, நிறுத்தி வாசியுங்கள். அக்கா, மூன்றாம் பக்கத்துப் பெட்டியில் நீங்கள் கவனிக்காமல் நடந்ததாக உங்கள் பெயரில் எழுதியது நான். அன்றைக்கு நீங்கள் கவனமாகத்தான் நடந்தீர்கள்.